இடது பக்கம் நினைத்தது

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன்.
இடது பக்கம் நினைத்தது,
வலது பக்கம் ஆனது.
நடுவில் பின் அடித்த இடத்தில்
பரக்கத்தும் நானும்.

பாதி லாரி அவனுக்கு, பாதி எனக்கு.
எந்தப் பாதி என்று பேசிக்கொள்ளவில்லை.
ஓட்டுகிறவன் அவன், முன்பாதி அவனுடையதாக இருக்கலாம்.
திருமங்கலம் பங்க்கில்
விடிய விடியப் பத்து ரூபாய்த் தாள் எண்ணுகிற எனக்குப்
பின்னால் உள்ள பாரம்.

வாடிப்பட்டி நார் மில்லில் சொன்னார்கள்:
தென்னை நார் கனக்காது, இடத்தைத்தான் அடைக்கும்.
பாடியை ரெண்டடி தூக்கினால்
நடைக்கு இருபது கட்டு கூட ஏறும்.
இருபதை நடையால் பெருக்கி
நடையை மாதத்தால் பெருக்கி
போட்ட காசு பதினொரு மாதத்தில் திரும்பும் என்று
இடது பக்கத்தின் அடியில் ரெண்டு கோடு போட்டேன்.
என் கையெழுத்து அவ்வளவு அழகாக
அதற்கு முன் இருந்ததில்லை.

கப்பலூரில் பட்டறை.
வெல்டர் ஜெயசீலன் சாக்பீஸால் தரையில் வரைந்து காட்டினார்.
வரைந்ததிலிருந்து லாரி எழுந்து நின்றது.
இரும்பு விலையைச் சொன்னதும்
உட்கார்ந்துவிட்டது.

ஆங்கிள் சட்டம்
நினைத்தது அறுபத்திரண்டாயிரம்
ஆனது எழுபத்தோராயிரத்து நானூறு.
டூல் பெட்டி, நினைத்ததுதான். அதிசயம்.
டீ.
இடது பக்கத்தில் டீயே இல்லை.
ஆறு பேர், நாளைக்கு ரெண்டு, பதினெட்டு நாள், பத்து ரூபாய்:
இரண்டாயிரத்து நூற்றறுபது.
அந்தப் பட்டறையில்
வெல்டிங் ராடைவிட டீதான் அதிகம் உருகியது.

பிறகு ஹாரன். மூவாயிரத்து எண்ணூறு.
கேட்காமல் மாட்டிவிட்டு வந்து கேட்டான்:
"ஹாரன் இல்லாத லாரி ஊமைப்பய மாப்ள,
யாரு வழி விடுவா?"
'இதர' என்ற தலைப்பில் அதை எழுதினேன்,
எழுத்து அழுத்தியதில்
அடுத்த பக்கமும் கிழிந்தது.
மூன்று நாள் பேசவில்லை.

நாலாம் நாள் பேச வைத்தது ஒரு டேப்.
இன்ஸ்பெக்டர் அளந்தார், நோட்டை எடுத்தார்,
அவரிடமும் ஒரு நோட்டு.
"ஒன்பது அங்குலம் கூடுதல். வெட்டிட்டு வாங்க."
ஒட்டினதற்குக் கூலி வாங்கிய ஜெயசீலன்
வெட்டுவதற்கும் கேட்டார்.
"வேணாம்னு சொன்னா கை கோவிச்சுக்கும்ணே."

வெட்டிய துண்டுகளை
பழைய இரும்புக் கடையில் எடை போட்டோம்.
வாங்கினது கிலோ எழுபத்தாறு, விற்றது முப்பத்து மூன்று.
லாரி எங்களுக்குக் கொண்டுவந்த முதல் வரவு
அதன் உடம்பிலிருந்து கழித்தது.
இருபது கட்டு பன்னிரண்டானது.
பதினொரு மாதம் பத்தொன்பதானது.
ரெண்டு கோடு போட்ட இடத்தில்
மூன்றாவதாக ஒன்று, குறுக்கே.

கடைசியில் பரக்கத் தந்த துண்டுச் சீட்டுகளில்
ஒன்றுக்கு மட்டும் தலைப்பு இல்லை.
கிளீனர் பக்கச் சீட், புது ஸ்பான்ஞ், ரெக்சின் —
மூவாயிரத்து நூற்றைம்பது.
"நமக்குக் கிளீனரே இல்லையே?"
டயரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:
"கணக்குப்பிள்ளை ஒருநாளாச்சும்
ஏறிப் பாக்க வேணாமா?"
வண்டிச் செலவா, வெட்டிச் செலவா,
எதில் சேர்ப்பதென்று தெரியாமல்
பென்சிலில் எழுதிவைத்தேன்.

முதல் நடைக்கு லீவு போட்டேன்.
ரெக்சின் வாசனை.
முதுகுக்குப் பின்னால் நார் மூச்சுவிட்டது.
கண்ணாடியில் மதுரை சின்னதாகிக்கொண்டே வந்தது,
சீட் நன்றாகத்தான் இருந்தது,
அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தபோது
கூத்தியார்குண்டுக்கு மேலே
வானம் கறுத்திருந்தது.

பரக்கத் என்னைப் பார்த்தான்.
நான் நோட்டைப் பிரித்தேன்.
இடது பக்கத்தில் தார்ப்பாய் இல்லை.
வலது பக்கத்தில் தார்ப்பாய் இல்லை.
கிழிந்த பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன்.

முதல் சொட்டு கண்ணாடியில் விழுந்தது.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
மூவாயிரத்து எண்ணூறு ரூபாய் ஹாரனை
மேகத்தைப் பார்த்து
நீளமாக அடித்தான்.

அது ஒதுங்கவில்லை.